வானலையில் ஒரு பள்ளிக்கூடம்

வானொலியில் பணியாற்ற விரும்பும் இளையோர், இன்று அதற்கான பயிற்சியை வீட்டிலிருந்தபடியே இணையவழியாகப் பெறுகின்றனர். ஆசிரியர் ஓரிடம், மாணவர் வேறிடம். ஒலிவாங்கியின் முன் எவ்வாறு பேசுவது, எழுத்துப்படி எவ்வாறு அமைப்பது, ஒலியை எவ்வாறு தொகுப்பது என்பவையெல்லாம் கணினித் திரையிலேயே கற்பிக்கப்படுகின்றன. முகம் பாராமல் கற்ற கல்வி நிலைக்குமா என்று பெற்றோர் ஐயுறுவது இயல்பே. ஆயினும் இந்த ஐயம் புதியதன்று. இணையம் பிறப்பதற்கு வெகுகாலம் முன்னரே, தென் அமெரிக்கத் திருச்சபை இதே கேள்வியோடு பல்லாண்டுகள் போராடியது. நம் பொதுநிலையினர் பலரும் அறிந்திராத அவ்வரலாறு அறியத்தக்கது.

கொலம்பியா நாட்டின் பொயாக்கா மாநிலத்தில், தென்சா பள்ளத்தாக்கில் சுத்தத்தென்சா என்னும் சிற்றூர் உள்ளது. 1947ஆம் ஆண்டில், அவ்வாண்டுதான் குருப்பட்டம் பெற்றிருந்த ஹோசே ஹோவாக்கின் சல்செதோ என்னும் இளங்குரு, அவ்வூர்ப் பங்கிற்குத் துணைப் பங்குத்தந்தையாக வந்து சேர்ந்தார். வயது இருபத்தாறு. மக்கள் மலைச்சரிவுகளில் சிதறி வாழ்ந்த ஏழை உழவர்கள், பெரும்பாலோர்க்கு எழுத்தறிவில்லை. ஓய்வு நேரத்திற்கு மதுவன்றி வேறு துணையுமில்லை. இளங்குரு முதலில் திரைப்படக் கருவி ஒன்றைக் கொண்டுவந்து படம் காட்டினார். அரங்கு ஒன்று கட்டவேண்டும் என்றபோது, கையில் காசில்லாத மக்கள் கோழிகளைக் காணிக்கையாகக் கொண்டுவந்தனர்.

ஆயினும் ஞாயிறன்று கோவிலுக்கு வருவோர் மற்ற ஆறு நாள்களும் தொலைவான குடிசைகளில் இருந்தனர். அவர்களைச் சென்றடைய வழி தேடிய சல்செதோ, 90 வாட் ஆற்றல் கொண்ட சிறியதோர் ஒலிபரப்பியை நிறுவி, அவ்வாண்டு இறுதிக்குள்ளாகவே ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டார். மின்சாரம் இல்லாத வீடுகளில், மின்கலத்தால் இயங்கும் வானொலிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. 'வானொலிப் பள்ளிகள்' பிறந்தது இவ்வாறே. 1949இல் இப்பணிக்கென 'மக்கள் பண்பாட்டுச் செயல்' என்னும் பொருள்படும் பெயரில் ஓர் அமைப்பு உருவாயிற்று. 1953இல் புதிய நிலையத்தின் தொடக்க நாளில், திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் அவ்வுழவர்களுக்கு வானொலி வழியாகவே செய்தி வழங்கினார்.

இப்பள்ளி நடந்த முறையைச் சற்று விரிவாகக் காண்பது நன்று. மாலையில் அண்டை அயலார் ஒரு குடிசையில் கூடுவர். நடுவே வானொலிப்பெட்டி, சுவரில் கரும்பலகை, கையில் பாடநூல். நிலையத்திலிருந்து ஆசிரியர் குரல் கொடுப்பார். ஆனால் அக்குரல் கரும்பலகையில் எழுதாது. மாணவர் எழுத்தைத் திருத்தாது. கையைப் பிடித்து எழுதப் பழக்காது. அதற்கென ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருந்தார். 'துணையாளர்' என்பது அவர் பெயர். அவரும் ஓர் உழவரே. மற்றவரைவிடச் சற்றே கூடுதலாக எழுதப் படிக்கத் தெரிந்தவர், அவ்வளவுதான். வானொலி சொல்லச் சொல்ல அவர் பலகையில் எழுத்தைக் காட்டுவார். இருக்கைகளுக்கிடையே சென்று ஏடுகளைப் பார்ப்பார். ஊதியம் கிடையாது. உடல்நலம், எழுத்து, எண், தொழிலும் பொருளாதாரமும், ஆன்மீகம் என்னும் ஐந்து அடிப்படைக் கருத்துக்களே பாடத்திட்டம்.

சுத்தத்தென்சாவின் புகழ் எல்லாம் சல்செதோவுக்கும் அவர்தம் ஒலிபரப்பிக்குமே சென்றது. என் கருத்தில் அப்பள்ளியைத் தாங்கிய தூண் அந்தத் துணையாளரே. அவரைத் தேர்ந்து ஊக்குவித்ததில் பங்குத்தந்தையர்க்கும் பெரும் பங்குண்டு. இவ்வுண்மையை அமைப்பினரும் விரைவில் உணர்ந்தனர். 1954இல் ஆண்களுக்கும் 1956இல் பெண்களுக்கும் சுத்தத்தென்சாவிலேயே பயிற்சி நிலையங்கள் திறந்தனர். நாடெங்குமிருந்து வந்த உழவர் இளையோர் அங்கே சில மாதங்கள் தங்கிப் பயின்று ஊர் திரும்பினர். இத்தகைய தலைவர்கள் 20,000 பேருக்கு மேல் உருவாயினர். தொலைவிலிருந்து கற்பிப்பதையே உயிர்மூச்சாகக் கொண்ட நிறுவனம், தன் தொண்டர்களை மட்டும் நேரில் அழைத்துப் பயிற்றுவித்தது கருதத்தக்கது.

கேட்டவர்கள் கடிதம் எழுதினர். நாற்பதாண்டுக் காலத்தில் வந்தவை 12 இலட்சத்திற்கு மேல். அண்மையில் எழுதக் கற்றவர்களின் கடிதங்களும் அவற்றுள் உண்டு. அமைப்பின் ஆவணங்கள் இன்று பொகொத்தா நகரின் லூயிஸ் ஆங்கெல் அராங்கோ நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

குறை இல்லாமலில்லை. வழங்கப்பட்ட வானொலிப் பெட்டிகள் பல அந்த ஒரு நிலையத்தை மட்டுமே கேட்குமாறு அமைக்கப்பட்டிருந்தன! நிலையம் பேசும், உழவர் கேட்பார் என்பதே அடிப்படை ஏற்பாடு. பின்னாளில் குருத்துவப் பணியை விட்டு ஆயுதக் குழுவில் சேர்ந்து 1966இல் மடிந்த கமிலோ தோரெஸ், அதற்கு முன்பு சமூகவியலாராய் இருந்தபோது, இப்பள்ளிகளின் பயனை ஆராய்ந்து 1961இல் ஒரு நூல் வெளியிட்டார். நிலப் பங்கீட்டைத் தொடாமல் உழவர்க்கு எழுத்தறிவு மட்டும் புகட்டினால் போதுமா என்பது அக்காலத்தில் பலரும் எழுப்பிய வினா. மறுபுறம், பொறுப்புள்ள பெற்றோர்நிலை பற்றி வானொலி பேசியது திருச்சபைத் தலைவர் சிலருக்கு நெருடலாயிற்று. இறுதியில் கடன்சுமை பெருகி, 1989இல் நிலையம் தனியார் வானொலி நிறுவனமொன்றுக்கு விற்கப்பட்டது. சல்செதோ 1994இல் இறந்தார்.

பொலிவியாவில் நடந்ததோ வேறு வகை. 'இருபதாம் நூற்றாண்டு' என்ற பெயர் கொண்ட ஈயச் சுரங்கத்தில், 1959இல் அமலமரி தியாகிகள் சபையினர் 12ஆம் பத்திநாதர் பெயரால் ஒரு வானொலியைத் தொடங்கினர். பொதுவுடைமையையும் குடிப்பழக்கத்தையும் எதிர்ப்பதே நோக்கம். சுரங்கத் தொழிலாளர் அதைப் பகையாகவே பார்த்தனர். ஆண்டுகள் செல்லச் செல்ல, அக்குருக்கள் தொழிலாளரின் வறுமையையும் நுரையீரல் நோயையும் கண்ணாரக் கண்டனர். 1967 ஜூன் 24, புனித யோவான் திருநாளின் விடியலில், படையினர் அச்சுரங்கக் குடியிருப்பில் புகுந்து மக்களைச் சுட்டுக் கொன்றனர். தொழிலாளரைத் திருத்த வந்த வானொலி, தொழிலாளரின் குரலாகவே மாறிற்று. கற்பிக்க வந்தவர் கற்றவராயினர். அதற்கான பாடத்திட்டம் எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் இருந்ததில்லை.

குருக்களும் துறவியரும் பொதுநிலையினரும் சமூகத் தொடர்புச் சாதனங்களில் முறையாகப் பயிற்சி பெறவேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் பணித்தது. 1972இல் இலத்தீன் அமெரிக்காவின் கல்வி வானொலிகள் ஒரு கூட்டமைப்பாக இணைந்து, ஒலிபரப்பாளர்களுக்குப் பயிற்சியளிக்கலாயின. அக்காலத்தின் சிறந்த ஆசிரியர் மாரியோ கப்லூன். அர்ச்சென்டீனாவில் பிறந்து உருகுவாயில் வாழ்ந்தவர். வானொலி நிகழ்ச்சி தயாரிப்புப் பற்றி 1978இல் அவர் வெளியிட்ட நூலைக் கொண்டே அக்கண்டத்தின் பல வானொலியாளர்கள் தொழில் கற்றனர்.

கப்லூனின் இன்னொரு முயற்சி இன்னும் சுவையானது. ஒலிநாடாவின் ஒரு பக்கத்தில் செய்தியைப் பதிவு செய்து கூட்டுறவு உழவர் குழுக்களுக்கு அனுப்புவார். அவர்கள் கூடிக் கேட்டுக் கலந்துரையாடி, மறுபக்கத்தில் தம் மறுமொழியைப் பதிந்து திருப்பி அனுப்பவேண்டும். வந்த மறுமொழிகளைத் தொகுத்து அடுத்த நாடா எல்லாக் குழுக்களுக்கும் செல்லும். ஒரு மூலையிலுள்ள குழு மறுமூலையிலுள்ள குழுவின் குரலைக் கேட்டது. உருகுவாயில் இராணுவ ஆட்சி மக்களின் வாயை அடைத்திருந்த காலத்தில் இது நடந்தது என்பதை மறக்கலாகாது. சுத்தத்தென்சாவின் பெட்டிக்கு இல்லாதிருந்த 'மறுபக்கம்' இங்கே கிடைத்தது.

இணையவழிப் பயிற்சியை நாடும் இளையோரிடம் நான் கேட்பதும் இதையே. அந்தப் பயிற்சிக்கு மறுபக்கம் உண்டா? நீங்கள் பதிந்து அனுப்பும் குரலை யாரேனும் கேட்டு, 'இந்த வாக்கியத்தில் மூச்சு வாங்குகிறது, இந்தச் சொல் விளங்கவில்லை' என்று திருப்பிச் சொல்கிறார்களா? இல்லையெனில் ஊரிலேயே ஒரு துணையாளரைத் தேடிக்கொள்ளுங்கள். ஞாயிறு வாசகத்தை நீங்கள் வாசிக்கக் கேட்டுவரும் வயதான பாட்டியார் ஒருவரே போதும்.

இவ்வரலாற்றின் இணையக் கிளையையும் சொல்லிவிடுகிறேன். கியூபாவில் பிறந்த ஹோசே இக்னாசியோ லோப்பெஸ் விஹில், தம் சகோதரி மரியாவுடன் சேர்ந்து, இயேசுவின் வாழ்வை 144 பகுதிகள் கொண்ட வானொலி நாடகமாக எழுதியவர். ஆயர்கள் பலர் அதைக் கண்டித்தனர். அக்கண்டனத்தில் நியாயம் இல்லாமலில்லை. எனினும் மக்கள் மொழியில் எழுதும் அவருடைய ஆற்றலை எவரும் மறுத்ததில்லை. பொலிவியச் சுரங்க வானொலியின் கதையை நூலாக்கியவரும் அவரே. 1997இல் வானொலியாளர்களுக்கென ஒரு கையேடு எழுதினார். அதை இணையத்தில் எவரும் இலவசமாகப் படிக்கலாம். 2001இல் அவரும் தோழர்களும் தொடங்கிய அமைப்பு, சிறு ஒலிச்சித்திரங்களை எழுத்துப்படியோடு இணையத்தில் வழங்கத் தொடங்கியது. மலையோரச் சிறு நிலையம் ஒன்று அவற்றை இறக்கிக்கொண்டு, தன் வட்டார வழக்கிற்கு ஏற்பச் சொற்களை மாற்றி, தன் ஊர்க்காரர் குரலிலேயே மீண்டும் பதிவு செய்து ஒலிபரப்பலாம். அதற்குக் கட்டணமும் இல்லை.