நிலவுக்கு முன் ஆர்ம்ஸ்ட்ராங் ஓட்டிய 'பறக்கும் கட்டில்'

1969 ஜூலை 20. ஈகிள் நிலவில் இறங்கும்போது நீல் ஆர்ம்ஸ்ட்ராங்கின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு சுமார் 150. ஓபில இந்த பல்ஸோட ஒருத்தர் வந்து உட்கார்ந்தா முதல்ல ஈசிஜி எடுக்க அனுப்பிடுவேன். ஆனா மனுஷன் அந்த நேரத்துல கம்ப்யூட்டர்கிட்ட இருந்து கட்டுப்பாட்டை வாங்கி, பாறைகள் கிடந்த பள்ளத்தைத் தாண்டி கையாலேயே ஓட்டி இறக்கினார்.

இதை அவர் எங்கே பழகினார்? பூமியிலதான். அதுதான் கஷ்டமே.

நிலவின் ஈர்ப்பு நம்மில் ஆறில் ஒரு பங்கு. அங்கே அந்தரத்தில் நிற்க ராக்கெட்டுக்கு கொஞ்சம் விசை போதும். அதனால பக்கவாட்டில் நகரவோ பிரேக் போடவோ கலத்தை ரொம்ப சாய்க்கணும். ஹெலிகாப்டர் இங்கே 5 டிகிரி சாய்ந்து செய்வதை அங்கே செய்ய கிட்டத்தட்ட 28 டிகிரி சாயணும். ஹெலிகாப்டர்ல பழகின கைக்கு இது பிடிபடாது.

அதுக்காக பெல் ஏரோசிஸ்டம்ஸ் நிறுவனம் ஒரு விசித்திர வண்டி செஞ்சது. இறக்கை கிடையாது, வெறும் குழாய்ச் சட்டம். செல்லப்பெயர் 'பறக்கும் கட்டில்'. நடுவில் செங்குத்தாக ஒரு ஜெட் என்ஜின். வண்டி எப்படி சாய்ந்தாலும் அது மட்டும் நிமிர்ந்தே நின்று எடையில் ஆறில் ஐந்து பங்கைத் தாங்கும். மீதி ஒரு பங்குதான் பைலட் பாடு. 1964 அக்டோபர் 30, கலிபோர்னியாவின் எட்வர்ட்ஸ் தளத்தில் ஜோ வாக்கர் முதன்முதலில் இதில் பறந்தார்.

அந்த ஒரு பங்கைத் தாங்கிய ராக்கெட்டுகளுக்கு எரிபொருள் என்ன தெரியுமா? ஹைட்ரஜன் பெராக்சைடு! டிரெஸ்ஸிங் ரூம்ல புண்ணு மேல ஊத்தினா நுரை பொங்குமே, அதேதான். நம்மகிட்ட இருப்பது நீர்த்தது. இது 90 சதவீதம். வெள்ளி வலை மேல பட்டதும் நீராவியும் ஆக்சிஜனுமாகச் சீறும்.

1968 மே 6, ஹூஸ்டன் அருகே எல்லிங்டன் தளம். ஆர்ம்ஸ்ட்ராங் பறந்துகொண்டிருக்கிறார். தொட்டிகளில் ஹீலியம் அழுத்தம் போய், வண்டியை நிலையாக வைக்கும் சின்ன ராக்கெட்டுகள் நின்றுவிட்டன. சுமார் 60 மீட்டர் உயரத்தில் வண்டி கவிழத் தொடங்க, இருக்கையோடு வெளியே பாய்ந்தார். பாராசூட் விரிந்தது. வண்டி விழுந்து எரிந்தது. அவருக்கு காயம்? நாக்கைக் கடிச்சுக்கிட்டார், அவ்வளவுதான்.

அன்னைக்கே ஆபீஸ் போய் வேலையைப் பார்த்தார். ஒரே அறையில் இருந்த ஆலன் பீன், விபத்துச் செய்தியை வெளியே கேட்டு நம்பாமல் திரும்பி வந்து அவரையே விசாரித்தாராம். நானா இருந்தா ஒரு ராத்திரியாவது அட்மிட் பண்ணி வெச்சிருப்பேன். எஜெக்‌ஷன் சீட்டுக்கு முதுகெலும்பு தப்புறது லேசான விஷயம் இல்லை.

அதே டிசம்பரில் இன்னொன்று விழுந்தது, 1971 ஜனவரியில் மூன்றாவது. மூன்றிலும் பைலட்டுகள் தப்பினார்கள். நாசா தலைவர்கள் கில்ரூத், கிராஃப்ட் இருவருக்கும் இதை நிறுத்திடணும்னு ஆசை. விண்வெளி வீரர்கள் விடவில்லை. ஆர்ம்ஸ்ட்ராங்கே 1969 ஜூனில், அதாவது கிளம்ப ஒரு மாசம் இருக்கும்போது, மறுபடி ஏறிப் பறந்தார்!

நிலவில் கலம் இறக்கிய ஆறு கமாண்டர்களும் இதில் பழகியவர்கள். ஆறு பேருமே கடைசிக் கட்டத்தில் கையால்தான் இறக்கினார்கள். செய்த ஐந்து வண்டிகளில் மிச்சம் இரண்டு. அதில் ஒன்று ஹூஸ்டன் ஜான்சன் விண்வெளி மையத்தில் இருக்கு.