மோப்ப நாய் (காவல்துறை)

குற்றம் நடந்த இடத்தில் ஆள் விட்டுச்சென்ற வாடையைப் பிடித்து அவன் போன வழியைக் காட்டவும், மறைத்து வைத்த வெடிபொருள், போதைப்பொருள் ஆகியவற்றைக் கண்டறியவும் பழக்கப்பட்ட நாய். ‘துப்பறியும் நாய்’ என்றும் சொல்வர். காவலர் பேச்சில் இப்பிரிவு ‘டாக் ஸ்குவாடு’. நாயோடு போகும் காவலர் ‘ஹேண்ட்லர்’. இக்கட்டுரை அவரைப் பயிற்றுநர் என்று குறிக்கிறது. மூக்கு நாயினுடையது, அது சொல்வதைப் படிக்கும் வேலை பயிற்றுநருடையது.

முன் வரலாறு

கள்ளரைப் பிடித்த நாய்க்குத் தமிழகத்தில் பெயரோடு கல்வெட்டுச் சான்று இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள நடுகல் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமைகளைக் காக்கும் பூசலில் பட்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த கல் இது. வீரனுக்கு அருகில் ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்துவிட்டு அங்கேயே காவல் நின்றது என்பது கல்வெட்டுச் செய்தி. அரசன் பெயர், வீரன் பெயர், நாயின் பெயர் மூன்றும் கல்லில் உண்டு. கள்ளர் பெயர் இல்லை.

கோவிவன் செய்தது காவல். மோப்பம் பிடித்து ஆளைத் தேடும் வேலையைக் காவல்துறை கையில் எடுத்தது மிகப் பின்னால்தான். 1888 அக்டோபரில், லண்டனைக் கலங்கடித்த ‘ஜாக் தி ரிப்பர்’ கொலைகளின்போது, பார்னபி, பர்கோ என்ற இரண்டு பிளட்ஹவுண்டு நாய்களை ஆணையர் சார்லஸ் வாரன் பூங்காவில் ஓடவிட்டுச் சோதித்தார். கொலைகாரனைப் பிடிக்க அவை உதவவில்லை. 1899-இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் எர்னஸ்ட் வான் வெசமேல் இரவு ரோந்துக்கு நாய்களைச் சேர்த்தார். முறையான காவல் நாய்ப் பிரிவு அங்கிருந்தே கணக்கு. அதே ஆண்டு ஜெர்மனியில் மாக்ஸ் வான் ஸ்டெஃபானிட்ஸ் ஜெர்மன் ஷெப்பர்டு இனத்துக்குச் சங்கம் தொடங்கி, அந்த நாய்களைக் காவல் பணிக்குக் கொண்டுபோனார். உலகப் போர்க் காலத்தில் ‘ஜெர்மன்’ என்ற சொல்லே ஆகாமல் போன ஆங்கிலேயர் அதற்கு வைத்த மாற்றுப் பெயர்தான் அல்சேஷன். டாபர்மேன் இனமோ, அபோல்டா ஊரில் வரி வசூலித்த ஒருவர் தமக்குத் துணையாக உருவாக்கியது.

சென்னையில் இப்பிரிவு 1950-களின் தொடக்கத்தில் வந்தது. பம்பாய் 1959 டிசம்பரில் மூன்று டாபர்மேன்களோடு தொடங்கியது. குவாலியரை அடுத்த டேகன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் நாய்ப் பயிற்சி மையம் 1970-இல் ஏற்பட்டது. திண்டுக்கல் 1985 செப்டம்பரில்தான் தனி மாவட்டமாயிற்று என்பதால், இவ்வட்டாரத்தின் மோப்ப நாய் வரலாற்றின் முன்பகுதி மதுரை மாவட்டக் காவல்துறையைச் சேர்ந்தது.

வழி பிடித்தல்

மனித மூக்கில் வாடையை உணரும் செல்கள் ஏறத்தாழ 50 லட்சம். நாய்க்கு 20 கோடிக்கும் மேல். நடக்கும் மனிதனிடமிருந்து தோல் துகள்கள் ஓயாமல் உதிர்கின்றன. அவற்றின் வாடையும், மிதிபட்ட புல், கிளறிய மண் ஆகியவற்றின் வாடையும் சேர்ந்ததே நாய் பிடிக்கும் வழி. ஈரமும் நிழலும் அதைக் காக்கும். வெயிலும் காற்றும் கலைக்கும். திண்டுக்கல்லை அடுத்த சிறுமலையில் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, வாழைத் தோட்டத்துச் சருகுக்கடியில், இரவில் போனவனின் வாடை காலையிலும் தங்கியிருக்கும். அடிவாரத்துச் செம்மண் கரட்டில் பதினோரு மணி வெயில் ஏறிவிட்டால் கதை வேறு. தார்ச்சாலை பாதத்தைச் சுடும். நாக்கைத் தொங்கப்போட்டு வாயால் மூச்சு வாங்கும் நாய்க்கு மோப்பமும் குறையும். ஆகவே விடிந்ததும் தகவல் சொன்னால் உடனே நாயைக் கொண்டுவருவதே சரி. பஞ்சாயத்து முடிந்து, உறவுக்காரர்கள் எல்லாரும் பீரோவைத் தொட்டுப் பார்த்த பிறகு கொண்டுவருவதில் பயன் குறைவு.

முதலில் போகும் காவலர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வாசலில் நின்று யாரையும் உள்ளே விடாதிருப்பது. திருடன் பிடித்த கடப்பாரையோ விட்டுப்போன துண்டோ கிடந்தால் அதைக் கையால் எடுக்கக் கூடாது. பயிற்றுநர் வந்து கழுத்துப் பட்டையைக் கழற்றி மார்புப் பட்டையைப் பூட்டுவார்; இனி வேலை என்று நாய்க்கு அதுவே சொல். பொருளை மோந்ததும் நீளக் கயிற்றைத் தளர விடுவார். கயிறு இறுகி நிற்கும் வரை வாடை இருக்கிறது. நாய் தலையைத் தூக்கி, வாலைத் தழைத்து, வட்டமடித்தால் வழி அறுந்தது. கடைசியாக உறுதியாக மோந்த இடத்துக்குத் திரும்பி அங்கிருந்து சுற்றிப் பார்க்க வேண்டும். மிளகாய்ப் பொடியைத் தூவிவிட்டுப் போகும் திருடர்கள் உண்டு. நாய் சற்றுத் தும்மும், அவ்வளவே. பொடி விழுந்த இடத்தை விட்டு விலகிச் சுற்றி வந்தால் வழி மீண்டும் கிடைக்கும்.

‘மோப்ப நாய் சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது; யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை’ என்பது தமிழ் நாளிதழ்கள் அச்சுக் கோத்தே வைத்திருக்கும் வரி. இதில் நாயின் மேல் ஒரு குறை ஒளிந்திருக்கிறது. பேருந்து நிறுத்தத்தில் நாய் நின்றால், அங்கே அவன் வண்டி ஏறினான் என்று பொருள் கொள்ளலாம். விசாரணை அந்த இடத்திலிருந்து நகர வேண்டும்.

தவறு பெரும்பாலும் கயிற்றின் மறுமுனையில் நேர்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 18 நாய்–பயிற்றுநர் இணைகளை வைத்து நடந்த ஆய்வொன்று 2011-இல் வெளியாயிற்று. தேடிய இடத்தில் போதைப்பொருளோ வெடிபொருளோ எதுவும் இல்லை. ஆனால் இருப்பதாகப் பயிற்றுநர்களை நம்பவைத்திருந்தார்கள். நாய்கள் கண்டுபிடித்துவிட்டதாகப் பயிற்றுநர்கள் சொன்னது 200 தடவைக்கும் மேல். ஆகவே, யார் மேல் சந்தேகம் என்பதைப் பயிற்றுநர் காதில் போடாமல் இருப்பது காவல் ஆய்வாளர் நாய்க்குச் செய்யும் பெரிய உதவி.

நீதிமன்றமும் இதை அறியும். மனிதனின் உயிரும் சுதந்திரமும் நாயின் அனுமானத்தில் தொங்கக் கூடாது என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 1969-ஆம் ஆண்டு தப்தேதார் வழக்கிலேயே கவனத்தில் கொண்டது. நாய் கூண்டிலேறிச் சாட்சி சொல்லாது. குறுக்கு விசாரணை பயிற்றுநருக்குத்தான். 2001-இல் மங்கராஜு வழக்கில், துப்புத் துலக்க நாயைப் பயன்படுத்தலாம், ஆனால் அதன் மோப்பத்தை நீதிமன்றங்கள் பெரிய ஆதாரமாகக் கொள்ள வேண்டியதில்லை என்றது.

வெடிபொருள் தேடும் நாய்க்குப் பழக்கம் வேறு. கண்டதும் குரைக்காது, பிராண்டாது. பக்கத்தில் அமைதியாக உட்காரும். கூலி, ஒரு பந்து. இவ்வேலைக்கு லாப்ரடார் ஏற்றது. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நாட்டு இனங்கள் கண்ணால் கண்டு துரத்தும் வேட்டை நாய்கள். மோப்ப வேலைக்கு மரபாகப் பயன்பட்டவை அல்ல.

தற்போது

மாவட்டங்களில் மோப்ப நாய்ப் பிரிவுகள் இயங்குகின்றன. திருவிழாக் கூட்டமும் முக்கியப் பிரமுகர் வருகையும் வெடிபொருள் நாய்களுக்கே கூடுதல் வேலை தருகின்றன.