ஆலைத் தண்டிலிருந்து மோட்டார் சுவிட்ச் வரை: மும்பைத் தொழிற்கூடங்களில் மின் துண்டிப்பின் வரலாறு

காவஸ்ஜி தாவர் 1854இல் நிறுவிய பருத்தி ஆலையின் காலம் முதல் முதலாம் உலகப் போர்க்காலம் வரை பம்பாய் ஆலைகளைப் பெரும்பாலும் நீராவியே இயக்கியது. எந்திர அறையில் எழுந்த சுழற்சி, கூரையை ஒட்டி ஓடிய லைன் ஷாஃப்ட் எனப்படும் நெடுந்தண்டுகளை அடைந்து, அவற்றிலிருந்து தோல் பெல்ட்டுகள் வழியாகத் தறிகளுக்கு இறங்கியது. தனியொரு தறியை நிறுத்த, பெல்ட்டைப் பக்கத்திலிருந்த வெற்றுச் சக்கரத்துக்குத் தள்ளினால் போதும். ஆனால் விசையின் மூலத்தையே நிறுத்துவது எந்திர அறையில் இருந்தவர் கையில்தான் இருந்தது.

இந்த அமைப்பைக் குலைத்தது மலைமழை. ஜம்ஷெட்ஜி டாடா மறைந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1910இல் உருவான டாடா நீர்மின் நிறுவனம், லோனாவ்லாப் பகுதி ஏரிகளில் தேங்கிய மழைநீரைக் கோபோலிக்கு இறக்கி எடுத்த மின்சாரத்தை 1915இல் பம்பாய்க்கு அனுப்பத் தொடங்கியது. முதலில் நீராவி எந்திரம் இருந்த இடத்தில் பெரிய மோட்டார் ஒன்று அமர்ந்து பழைய தண்டையே சுழற்றியது. பின்னர் ஒவ்வோர் எந்திரத்துக்கும் தனி மோட்டார் வந்தபோது, விசையைத் துண்டிக்கும் பொறுப்பும் எந்திர அறையை விட்டு ஆலைத் தளமெங்கும் பரவியது. அந்தப் பொறுப்பை ஏற்ற கருவியே, தொழிற்கூடங்களில் மெயின் சுவிட்ச் என்றும் ஐசொலேட்டர் என்றும் வழங்கும் துண்டிப்புச் சுவிட்ச்.

தொடக்கக்காலச் சுவிட்ச், கற்பலகையில் பொருத்திய செப்புக் கத்தியாகும். மின்னோட்டம் பாயும்போதே அதைத் திறந்தால் கத்திக்கும் அதைக் கவ்வும் தொடுமுனைக்கும் இடையில் ஆர்க் எனப்படும் மின்வில் எழும். கை எவ்வளவு மெதுவாக அசைகிறதோ அவ்வளவு நேரம் அந்த வில் செம்பை உருக்கிக்கொண்டிருக்கும். எனவே பின்னாளில் கத்திகள் இரும்புப் பெட்டிக்குள் சென்றன. கையின் வேகம் எதுவாயினும் ஒரே விரைவில் திறக்கும் சுருள்வில் சேர்ந்தது. சுவிட்ச் மூடியிருக்கும்போது பெட்டிக் கதவு திறவாத பூட்டமைப்பும் வந்தது.

பெரிய மோட்டாருக்கான சுவிட்சின் அளவைத் தீர்மானிப்பதில் உள்ள சிக்கலும் இந்த மின்வில்லிலிருந்தே பிறக்கிறது. 415 வோல்ட்டில் இயங்கும் 75 கிலோவாட் மோட்டார், முழுச்சுமையில் சுமார் 130 ஆம்பியர் எடுக்கும். ஆனால் சுழலி இறுகி நின்றுவிட்டால் அது ஏறத்தாழ ஆறு மடங்காகி 780 ஆம்பியரை எட்டும். ஆபத்தில் ஒருவர் சுவிட்சை இழுக்கும் நேரம் பெரும்பாலும் அத்தகைய நேரமே என்பதால், சுவிட்ச் எவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கும் என்பதோடு எவ்வளவை முறிக்கும் என்பதையும் கணக்கிட வேண்டும். இன்றைய பன்னாட்டுத் தரம் இதைப் பயன்பாட்டு வகைகளாகப் பிரிக்கிறது: கலப்புச் சுமைக்குரிய ஏசி-22 வகை, தன் மதிப்பீட்டைப்போல் மூன்று மடங்கை முறித்துக் காட்ட வேண்டும், மோட்டாருக்குரிய ஏசி-23 வகை எட்டு மடங்கை முறிக்க வேண்டும். ஆகவே 160 ஆம்பியர் என்றே இரு சுவிட்சுகளில் பொறித்திருந்தாலும், ஒன்றின் எல்லை 480 ஆம்பியர், மற்றதன் எல்லை 1,280 ஆம்பியர். மேற்சொன்ன மோட்டாருக்கு முதலாவது ஆகாது.

இந்தியச் சட்டம் இக்கருத்தைத் தன் மொழியில் ஏற்றது. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 50ஆம் விதி, ஒவ்வொரு மோட்டாரையும் அல்லது ஓர் எந்திரத்தை இயக்கும் மோட்டார்த் தொகுதியையும் போதிய திறனுள்ள இணைப்புச் சுவிட்ச், அதாவது எல்லா ஃபேஸ்களையும் ஒருசேரத் திறக்கும் சுவிட்ச், அல்லது அதற்கு நிகரான கருவி கட்டுப்படுத்த வேண்டும் என்றும், அது மோட்டாருக்கு அருகிலேயே, பொறுப்பாளர் எளிதில் இயக்கும்படி அமைய வேண்டும் என்றும் கூறியது. திறனும் இடமும் ஒரே விதிக்குள் வந்தது தற்செயலன்று. முறிக்க இயலாத சுவிட்ச் அருகிலிருந்தும் பயனில்லை, எட்டாத இடத்திலுள்ள சுவிட்சின் திறனாலும் பயனில்லை.

அதே 1956இல் டிராம்பே அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அதற்குச் சற்று முன்னரே, 1954, 1955ஆம் ஆண்டுகளில், செம்பூரை அடுத்த மாஹுலில் இரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்திருந்தன. எரிவாயு கசியக்கூடிய அவ்விடங்களில் சுவிட்சின் சிறு பொறியும் பேரிடராகும் என்பதால், உள்ளே தீ எழுந்தாலும் வெளியே பரவவிடாத தடித்த பெட்டிகள் தேவைப்பட்டன. 1923இல் மாட்டுங்காவுக்கு இடம்பெயர்ந்த விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கழகம் இத்தகைய பணிகளுக்குரிய பொறியியல் கல்வியை அளித்தது. திருநெல்வேலித் தமிழர் பலர் குடியேறிய தாராவியின் தோல் பதனிடும் கூடங்களிலும் பட்டறைகளிலும் மோட்டார்கள் சிறியவையே. ஆயினும் இறுகி நின்ற மோட்டார் பன்மடங்கு மின்னோட்டம் இழுக்கும் இயல்பு அங்கும் மாறுவதில்லை.

பம்பாய் ஆலைத் தொழிலாளர்களின் 1982 வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆலைகள் பல மூடப்பட்டன. 1956ஆம் ஆண்டின் விதிகளுக்குப் பதிலாக மத்திய மின்சார ஆணையம் 2010இலும் 2023இலும் புதிய ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. எனினும் எந்திரத்தின் அருகில் நிற்பவரே அதன் விசையை முழுமையாக முறிக்க வல்லவராக இருக்க வேண்டும் என்ற நெறி தொடர்கிறது. ஆம்பியர்க் கணக்கு அந்த நெறிக்கு ஆற்றும் பணியே.