தொண்டைக்குள் போன நூல்

தறிக்குப் போகிற பட்டுக்கும் ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிற பட்டுக்கும் பிறப்பு ஒன்றுதான். இரண்டும் புழுக்கூட்டிலிருந்து இழுத்த இழை. இரண்டிலும் பசையை எடுத்தாக வேண்டும். பிறகு ஒன்று சாயம் தோய்ந்து பாவாகிறது. மற்றது பின்னலாகி, மெழுகு பூசி, ஊசியில் ஏறுகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோக்கர், ஹால்ஸ்டெட் போன்ற அறுவை மருத்துவர்கள் அதைப் பேர்பெற்ற தையல் நூலாக்கினார்கள். பின்னால் உடலிலேயே கரையும் செயற்கை நூல்கள் வந்தன.

தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்றுபோகும் நோய்க்குத் தையல் நூலால் வெகுகாலம் பெரிய உபயோகம் இல்லை. 1969இல் ஜெர்மனியில் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். மூச்சு சீரானது, ஆனால் அந்தத் துளையோடு வாழவேண்டியிருந்தது. 1981இல் டெட்ராய்டில் ஃபுஜிதா உள்நாக்கையும் மென் அண்ணத்தின் ஓரத்தையும் வெட்டியெடுத்தார். வெட்டிய ஓரத்தை மூடுவதுதான் நூலின் வேலை. 1996இல் பழைய முடிவுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பத்தில் நான்கு பேருக்குத்தான் அது பலித்திருந்தது. சிலருக்குக் குடித்த தண்ணீர் மூக்கில் ஏறியது. வெட்டிய சதையைத் திரும்ப வைக்கவா முடியும்?

நூலின் தலையெழுத்தை மாற்றியது முள். 1964லேயே அல்காமோ என்பவர் முள் வைத்த நூலுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். நூலின் உடம்பில் சாய்வாகச் சிறு கீறல்கள். ஒரு திசையில் வழுக்கிப் போகும். எதிர்த்திசையில் இழுத்தால் சதையைக் கவ்வும். முடிச்சே வேண்டாம். இத்தாலியில் முதலில் மன்டோவானியும் பிறகு 2015இல் விசினியும் இதை அண்ணத்துக்குக் கொண்டுவந்தார்கள். டான்சிலை எடுத்தபின், அண்ணத்தின் நடுவில் நுழையும் ஊசி சதைக்குள்ளேயே பக்கவாட்டில் ஓடி, கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் இருக்கும் கெட்டியான நார்ப்பட்டையைச் சுற்றித் திரும்புகிறது. நூலை இழுத்தால் தளர்ந்த தசை முன்னும் பக்கமுமாக விலகி வழி திறக்கிறது. சில மாதங்களில் நூல் கரைகிறது. அதற்குள் உருவான தழும்பு தசையைப் பிடித்துக்கொள்கிறது. சிலருக்கு நூலின் நுனி வெளியே துருத்திக்கொண்டு உறுத்துவதும் உண்டு.

அண்ணத்தை வெட்டாமல் தூக்கிக் கட்டியதுதான் இந்தத் துறையின் பெரிய திருப்பம் என்று நான் நினைக்கிறேன். ஆனால் அண்ணத்தில் போடும் இந்த நூலின் எல்லை அங்கேயே முடிகிறது. நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிந்து அடைக்கிறவருக்கு அது எட்டாது; அங்கே வேறு வழிகள் வேண்டும். 2014இல் வெளியான ஆய்வொன்றில், நாக்கு நரம்பைத் தூண்டும் கருவி பொருத்திய 126 பேருக்கு, மணிக்கு 29 தடவையாக இருந்த மூச்சுத்தடை ஓராண்டில் 9 ஆகக் குறைந்தது. இரு தாடைகளையும் அறுத்து முன்னால் நகர்த்தும் அறுவையில் வெற்றி 86 சதவீதம் என்று 2010இல் வந்த தொகுப்பாய்வு சொல்கிறது. எலும்பையே அறுப்பதால் வலியும் வீக்கமும் அதில் அதிகம். இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தரம் பிரிக்கக்கூடாது. நோயாளிகள் வேறு, நோயின் கடுமையும் வேறு.

பெரும்பாலோருக்கு முதலில் பார்க்கவேண்டியது காற்றழுத்த முகமூடிதான். சிட்னியில் சல்லிவன் அதை வெளியிட்டதும் அதே 1981இல். முகமூடி ஒத்துவராமல் அறுவைக்கு வருகிறவரை மருந்தால் தூங்கவைத்து, மூக்கு வழியாகக் கேமரா விட்டு, எங்கே அடைக்கிறது என்று பார்க்கிறார்கள். அதைப் பார்க்காமல் யாராவது நூலை எடுத்தால், ஏன் என்று கேளுங்கள்.