சில்லுச் சப்பாத்தும் ரீவீக்காரரும்

குவேக்கர்ஸ் ஹில்லில எங்கட பெடியளுக்கு ரோலர்பிளேட் எண்டால் இப்ப பகிடி. ஆனால் ஒருகாலம் அவுஸ்திரேலியர் கலக்கின விளையாட்டு இது.

காவலாளிக்கு ஒளிச்சுப் படிக்கட்டுக் கைபிடியில சறுக்கிப் பழகினதை, 1995 இல் அமெரிக்க ஈஎஸ்பிஎன் ரோட் ஐலண்டில மேடை போட்டுக் காட்டினது. பெயர் எக்ஸ்ட்ரீம் கேம்ஸ், பிறகு எக்ஸ் கேம்ஸ். மவுண்டன் டியூ மாதிரிச் சோடாக் கொம்பனியின்ர காசு. யூ வடிவச் சறுக்குமேடைப் போட்டியில தங்கம் இங்கத்தைய டொம் ஃப்ரைக்கு!

2005 இல் அதே ரீவீக்காரர் ரோலர்பிளேடைத் தூக்கி எறிஞ்சினம். ஸ்கேட்போர்ட்டை வைச்சுக்கொண்டினம், அது 2021 இல் தோக்கியோ ஒலிம்பிக் வரைக்கும் போட்டுது. சறுக்கினவனை ஆர் கேட்டது? குசினிக்காரனைக் கேளாமல் மெனு மாத்துற முதலாளியள்தான் எங்கயும்.

விடாமல் சறுக்கின ஆக்கள் தாங்களே சின்னக் கொம்பனி துவங்கிச் சப்பாத்து விக்கினம். கைபிடியளுக்கே திரும்பிப் போட்டினம், கமரா இல்லாமல்.