சங்கீதத்துக்கு வக்கீல்கள் வந்த கதை

1860ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டம் மிகச் சிறிய சட்டம். ஏழு பேர் கூடினால் போதும், இலக்கியத்துக்கோ அறிவியலுக்கோ தருமத்துக்கோ ஒரு சங்கம் அமைத்துப் பதிவு செய்துகொள்ளலாம். ஆண்டுக்கொரு முறை நிர்வாகக் குழுவின் பட்டியலைப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். அதில் ஒவ்வொருவருக்கும் மூன்று விவரங்கள் கேட்கப்பட்டன: பெயர், முகவரி, தொழில். லாபம் கருதாமல் சங்கம் நடத்துகிறவர் பிழைப்புக்கு என்ன செய்கிறார் என்பது பதிவாளருக்கு எதற்கு என்று தோன்றலாம். ஆளை அடையாளம் காண அன்றைக்கு அதுவே சுலபமான வழி. ஆனால் சங்கங்களின் வரலாற்றைப் படிப்பவருக்கு அந்த மூன்றாவது விவரம்தான் முக்கியம். ஒரு சங்கத்தின் நோக்கத்தை அதன் விதிமுறைப் புத்தகம் சொல்லும். அந்த நோக்கம் எந்த வடிவத்தில் நிறைவேறும் என்பதை நிர்வாகிகளின் தொழில் சொல்லிவிடும். தாங்கள் நாள் முழுவதும் செய்யும் வேலையின் முறைகளைத்தான் மாலையில் சங்கத்துக்குள்ளும் கொண்டுவருவார்கள். சென்னை மியூசிக் அகாடமியின் முதல் சில பத்தாண்டுகள் இதற்கு நல்ல சான்று.

1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியது. அன்சாரி தலைமை வகித்தார். அதையொட்டி ஓர் அகில இந்திய இசை மாநாடும் நடந்தது. சங்கீதத்துக்கென நிலையான அமைப்பு வேண்டும் என்று அங்கே எழுந்த எண்ணம்தான் அடுத்த ஆண்டு மியூசிக் அகாடமியாக உருவெடுத்தது. 1928 ஆகஸ்ட் 18 அன்று எஸ்பிளனேடு ஒய்.எம்.சி.ஏ. அரங்கில் சர் சி.பி. ராமசாமி ஐயர் அதைத் தொடங்கி வைத்தார். அவர் வக்கீல், மாகாணத்தின் அட்வகேட் ஜெனரலாக இருந்தவர். முதல் தலைவர் டாக்டர் யு. ராமராவ். அவர் மருத்துவர், ‘ஆன்டிசெப்டிக்’ என்ற மருத்துவ இதழை நடத்தியவர், 1937இல் சட்ட மேலவையின் தலைவரானவர். அவருக்குப் பின் முப்பதாண்டு அளவுக்கு அகாடமியின் தலைவராக இருந்த கே.வி. கிருஷ்ணசாமி ஐயர் வக்கீல். தொடக்கச் செயலாளர்களில் ஒருவரான ஈ. கிருஷ்ண ஐயரும் வக்கீல். அகாடமியின் இதழைத் தாங்கிய டி.வி. சுப்பாராவ், அவரும் வக்கீல். பின்னால் தலைவரான டி.எல். வெங்கடராம ஐயர் வக்கீலாகத் தொடங்கி உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்ற நீதிபதியாக உயர்ந்தவர். நீண்ட காலம் செயலாளராக இருந்த வே. ராகவன் மட்டும் வேறு வகை, பல்கலைக்கழகத்தின் சமஸ்கிருதப் பேராசிரியர். கச்சேரி செய்து பிழைத்த ஒரு வித்வான் இந்த வரிசையில் தலைவராக வரவில்லை.

இது அகாடமிக்கு மட்டும் உரிய விசித்திரம் அல்ல. 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கி நாடகத்தைப் படித்தவர்களின் கலையாக்கிய பம்மல் சம்பந்த முதலியார் வக்கீல், பின்னால் நீதிபதி. வடக்கே 1916இல் பரோடாவில் கூடிய முதல் அகில இந்திய இசை மாநாட்டுக்கு மூளையாக இருந்த பாத்கண்டே சட்டம் படித்து வக்கீலாகச் சிறிது காலம் பணி செய்தவர். தஞ்சாவூரில் 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை அமைத்து, சொந்தச் செலவில் மாநாடுகள் கூட்டிய ஆபிரகாம் பண்டிதர் சித்த மருத்துவர். அரண்மனையும் ஜமீனும் கோயிலும் கலைஞர்களைத் தாங்கிய காலம் முடிந்து, டிக்கெட்டும் சந்தாவும் தாங்கும் காலம் தொடங்கியபோது, இடையில் நிற்க யாராவது தேவைப்பட்டார்கள். ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரிந்தவர், விதிமுறை வகுக்கத் தெரிந்தவர், கூட்டத்தில் திருத்தம் கொண்டுவரத் தெரிந்தவர், கணக்குத் தணிக்கைக்குப் பயப்படாதவர். அன்றைய சென்னையில் இந்தத் தகுதிகள் எல்லாம் ஒருங்கே இருந்த கூட்டம் உயர் நீதிமன்ற வளாகத்தில்தான் இருந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் அவர்களுக்கு ஓய்வும் கிடைத்தது. டிசம்பர், சங்கீத மாதமாக நிலைபெற்றதில் அந்த விடுமுறைக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

இவர்கள் கொண்டுவந்த முறை எது என்பதைப் பார்க்க, மாலைக் கச்சேரியை விட்டுவிட்டுக் காலைக் கூட்டத்துக்குப் போக வேண்டும். அகாடமியின் ஆண்டு மாநாட்டில் வித்வான்களும் அறிஞர்களும் கொண்ட நிபுணர் குழு காலையில் கூடி ராக லட்சணங்களை விவாதிக்கும். ஒரு ராகம் எடுத்துக்கொள்ளப்படும். அதன் ஆரோகண அவரோகணம் என்ன, எந்த மேளத்தில் பிறந்தது, அந்நிய சுவரம் வருமா, வந்தால் எந்தப் பிடியில் வரும் என்று கேள்விகள் எழும். வித்வான்கள் தத்தம் குரு பரம்பரையில் வந்த கீர்த்தனையின் வரியைப் பாடிக் காட்டுவார்கள். பழைய லட்சண நூல்களும் 1904இல் வெளிவந்த சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யும் மேற்கோளாக வரும். மாறுபட்ட பாடாந்தரங்கள் பதிவாகும். முடிவில் தலைமை வகிப்பவர் தொகுத்துச் சொல்வார். நடந்தது எல்லாம் 1930 முதல் வெளிவரும் அகாடமியின் இதழில் அச்சேறும். நீதிமன்றத்தை அறிந்த ஒருவர் இதில் சாட்சி, ஆவணம், முன்தீர்ப்பு, தீர்ப்பு, தீர்ப்புத் திரட்டு ஆகிய ஐந்தையும் அடையாளம் கண்டுகொள்வார். ராஜசபையில் நடந்த வித்வத் போட்டி வேறு. அங்கே ஒருவர் வெல்வார், மற்றவர் தோற்பார், எது சரி என்ற கேள்வி அத்தோடு முடியும். இங்கே நோக்கம் வெற்றி இல்லை, அடுத்த வழக்குக்கும் பயன்படும் ஒரு விதி.

பைரவி ராகத்தை எடுத்துக்கொண்டால் இதன் பலமும் பலவீனமும் தெரியும். மேள அட்டவணையில் பைரவி இருபதாவது மேளமான நடபைரவியின் ஜன்யம். நடபைரவிக்கு உரியது சுத்த தைவதம். ஆனால் பைரவி மேலேறும்போது சதுசுருதி தைவதத்தைத் தொடுகிறது, இறங்கும்போது சுத்த தைவதத்துக்கு வருகிறது. விதிக்கு இது முரண். இரண்டு தைவதங்களையும் குறித்து, எது எங்கே என்று எழுதி, ‘பாஷாங்கம்’ (அந்நிய சுவரம் ஏற்கும் ராகம்) என்ற தலைப்பின் கீழ் வைத்தால் முரண் தீர்ந்துவிடும். பாடம் சொல்லித் தருவதற்கு இது மிகவும் பயன்படும். குருவின் வீட்டில் ஆண்டுக்கணக்கில் கிடந்து கற்க வழியில்லாத பெண்ணும் பையனும் பள்ளிக்கூடத்தில் பைரவியைத் தெரிந்துகொள்ள முடிந்தது இந்த எழுத்தால்தான். ஆனால் பைரவியின் நிஷாதத்தில் வரும் அசைவை, காந்தாரத்தின் ஊசலை எந்தத் தீர்மானத்தாலும் எழுத முடியாது. ஆகிரி போன்ற ராகங்களோ அட்டவணையில் எந்த இடத்திலும் நிம்மதியாக உட்காருவதில்லை. வக்கீல்களின் முறை எழுதக்கூடியதைக் காப்பாற்றியது, எழுத முடியாததற்கு அதனிடம் கருவி இல்லை. இதுதான் என் வாதத்தின் மையம்.

முதல் மறுப்பு எளிதில் எழும். வெங்கடராம ஐயரை வக்கீல் என்று மட்டும் சொல்வது நியாயமா? அவர் சுப்பராம தீட்சிதரின் மகன் அம்பி தீட்சிதரிடம் நேரடியாகக் கற்றவர், முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகளை டி.கே. பட்டம்மாளுக்குச் சொல்லிக்கொடுத்தவர், 1944இல் அகாடமியின் சங்கீத கலாநிதிப் பட்டம் பெற்றவர். ஈ. கிருஷ்ண ஐயர் சுகுண விலாச சபை நாடகத்தில் பெண் வேடம் ஏற்றவர், மேலட்டூர் நடேச ஐயரிடம் ஆட்டம் கற்று மேடையில் ஆடியவர். உண்மை. இவர்களின் இசையறிவையும் பற்றையும் நான் குறைத்துப் பேசவில்லை. அந்தப் பற்று இல்லையென்றால் அகாடமியே இல்லை. ஆனால் கலையை அறிந்திருப்பது வேறு, கலையால் சோறு உண்பது வேறு. கிருஷ்ண ஐயரையே பார்க்கலாம். 1931 மார்ச்சில் கல்யாணி மகள்கள் எனப்பட்ட ராஜலட்சுமியும் ஜீவரத்தினமும் அகாடமி மேடையில் ஆடினார்கள். பொதுப் பெண் ஆடுவதா என்று ஊர் முகம் சுளித்த காலம் அது. 1932இன் இறுதியில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி இத்தகைய ஆட்டத்தை எதிர்த்துப் பத்திரிகையில் எழுதியபோது கிருஷ்ண ஐயர் பதில் எழுதினார். துணிவான செயல். ஆனால் அந்த விவாதத்தின் அமைப்பைக் கவனிக்க வேண்டும்: ஒரு மருத்துவர் நோய் என்றார், ஒரு வக்கீல் குற்றமில்லை என்றார். விவாதிக்கப்பட்டது ஆடிய பெண்களின் வாழ்க்கை. அந்த நிர்வாகத்தில் அவர்களுக்கு இடமில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலியது. தொழிலைப் பேசிச் சாதியை மறைக்கிறாய் என்று ஒருவர் சொல்லலாம். அகாடமியின் முன்னோடிகளில் பெரும்பாலோர் பிராமணர்கள், மயிலாப்பூரும் அதன் சுற்றமும். சங்கீத கலாநிதிப் பட்டம் 1942 முதல் வழங்கப்படுகிறது. நாகஸ்வரத்தின் பேரரசரான டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்கு அது கிடைக்கவே இல்லை. முதல் பெண்ணாக எம்.எஸ். சுப்புலட்சுமி 1968இல்தான் பெற்றார். இதைச் சாதியையும் பால் பாகுபாட்டையும் விட்டுவிட்டு விளக்க முடியாது, நான் விளக்க முயலவும் இல்லை. ஆனால் சாதி மட்டுமே காரணம் என்றால் இரண்டு செய்திகள் இடிக்கின்றன. ஒன்று, பாலக்காடு மணி ஐயர் பிராமணர், அவர் காலத்து மிருதங்கத்துக்கு அவரே அளவுகோல். அவருக்கும் 1966 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பட்டம் பெற்ற முதல் மிருதங்க வித்வான் அவர்தான். சாகித்யமும் லட்சணமும் ஏடேறும், லயம் ஏடேறுவது கடினம். எழுத்தை நம்பும் மனம் தாளத்தைப் பக்கவாத்தியம் என்று ஒதுக்குவது இயல்பு. இரண்டு, 1943இல் சென்னையில் எழுந்த தமிழ் இசைச் சங்கம். அது அகாடமியின் மொழிப் போக்கை எதிர்த்துப் பிறந்தது. அதன் பின்னால் நின்றவர்கள் வேறு சமூகத்தார்: வங்கித் தொழில் குடும்பத்து ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார், பின்னால் இந்தியாவின் நிதியமைச்சரான ஆர்.கே. சண்முகம் செட்டியார். அந்த இயக்கத்தின் நியாயத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். தமிழ் மேடைகளில் தமிழ்ப் பாட்டு கடைசியில் பாடும் துக்கடாவாக இருந்தது அவமானம்தான். ஆனால் அதுவும் தன்னை நடத்துகிறவர்களின் தொழிலைத் தன் முகத்தில் காட்டியது. வணிகரின் முறை கொடை, பரிசு, பல்கலைக்கழகம், மன்றக் கட்டடம். வக்கீல் விதி எழுதிய இடத்தில் வணிகர் முதல் போட்டார். இரண்டு இடத்திலும் பாடுகிறவர் மேடையில் இருந்தார், நிர்வாக மேசையில் இல்லை.

அப்படியானால் கலைஞர்களே நடத்தியிருந்தால் எல்லாம் செம்மையாக இருந்திருக்குமா? திருவையாறு இதற்குப் பதில் சொல்கிறது, அந்தப் பதில் யாருக்கும் வசதியானதாக இல்லை. தியாகராஜர் ஆராதனையை நடத்தியவர்கள் இசைக்கலைஞர்கள். அவர்கள் பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று பிரிந்து ஒரே சமாதியில் தனித்தனியாக உற்சவம் நடத்தினார்கள். இரண்டு கட்சியும் ஒத்துப்போன விஷயம் ஒன்று உண்டு: பெண்கள் அங்கே பாடக்கூடாது. இந்தச் சண்டையைத் தீர்த்து 1940இல் ஒரே சபையாக ஆக்குவதற்கு எஸ்.ஒய். கிருஷ்ணசாமி என்ற ஐ.சி.எஸ். அதிகாரி முன்நிற்க வேண்டியிருந்தது. வெளியாள் நிர்வாகியின் தேவையை இது காட்டுகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தனக்குக் கச்சேரி வேண்டி நிற்கும் ஒருவர், யாருக்குக் கச்சேரி என்று முடிவு செய்யும் இடத்தில் உட்காருவது சிக்கல்தான். வித்வான்கள் பலர் அந்தச் சிக்கலை வேண்டாம் என்று ஒதுங்கியும் இருக்கலாம்.

ஆனால் கலைஞருக்கு நிர்வாகம் தெரியாது என்ற வழக்கமான சமாதானத்தைத் திருவையாறே பொய்யாக்குகிறது. பெங்களூர் நாகரத்தினம்மாள் தேவதாசி மரபில் வந்த பாடகி. தியாகராஜரின் சமாதி பாழடைந்து கிடந்தபோது தன் சொந்தப் பணத்தைப் போட்டு 1920களின் நடுவில் அங்கே கோயில் எழுப்பினார். ஆண்களின் இரு கட்சிகளும் பாட இடம் தராதபோது 1927இல் பெண்களுக்கென்று தனியாக ஆராதனையைத் தொடங்கினார். சென்னையில் தேவதாசிகள் சங்கம் அமைத்து அரசுக்கு மனு எழுதினார். 1952இல் மறைவதற்கு முன் தன் சொத்துக்களை அறக்கட்டளையாக எழுதி வைத்தார். கட்டடம், சங்கம், மனு, உயில்: ஒரு வக்கீல் செய்யக்கூடியதை எல்லாம் ஒரு பாடகி செய்தார். அகாடமி போன்ற அமைப்புகளின் மேசையில் அவருக்கொரு நாற்காலி போடப்படவில்லை என்பதற்குத் திறமைக்குறைவு காரணமாக இருக்க முடியாது.

பின்னாளில் அகாடமியின் தலைமை வக்கீல்களிடமிருந்து நகர்ந்தது. டி.டி. வாசு தொழிலதிபர், அவருக்குப் பின் வந்த என். முரளி பத்திரிகை நிறுவன நிர்வாகி. அரங்கம், நன்கொடையாளர், விளம்பரம், நேர ஒழுங்கு ஆகியவற்றுக்கு அந்தப் பின்னணிகள் ஏற்றவை. காலைக் கூட்டங்கள் இன்றும் நடக்கின்றன, ஆனால் ராகத்துக்குத் தீர்ப்பு எழுதும் பழைய வேகம் அவற்றில் இல்லை. ஆய்வுரையும் செயல்விளக்கமும் அந்த இடத்துக்கு வந்துவிட்டன, அவற்றை நடத்துவதில் பாடகர்களுக்கும் வாத்தியக் கலைஞர்களுக்கும் முன்னைவிடப் பெரிய பங்கு இருக்கிறது. அந்தப் பங்கு காலைக் கூட்டத்திலிருந்து நிர்வாகக் குழுவின் அறைக்கும் நீள வேண்டும். நிர்வாகிகளின் தொழில் விவரத்தில் வக்கீல், மருத்துவர், தொழிலதிபர் என்று எழுதியதற்குப் பக்கத்தில் ‘மிருதங்கம் வாசிப்பவர்’, ‘நாகஸ்வரம் வாசிப்பவர்’ என்றும் எழுதப்படும் ஆண்டில், லயத்தையும் ஊதுகுழலையும் பற்றி அந்தச் சபை கேட்கும் கேள்விகள் வேறாக இருக்கும்.