வண்டிச் சத்தம்

பெரிய கோயில் ஸ்ரீ விமானத்தின் தென்புறச் சுவரில் ராஜேந்திர சோழனின் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 1025-ஐ ஒட்டிக் கடாரத்துக்குக் கப்பற்படை போன சங்கதி அதில் வருகிறது. போன மார்கழியில் சித்தப்பாவோடு அதன் எதிரே நின்றிருந்தேன்.

"கப்பல் போன பிற்பாடு ராஜாவுக்குச் சேதி எப்படிடா வந்திருக்கும்?"

"திரும்பி வருகிற கப்பல்தான் தபால்."

தலைக்கு மேல் இடி இடித்தாற்போல் ஒரு சத்தம். 2020 ஜனவரியில் நம் ஊர் விமானப் படைத் தளத்துக்கு வந்து சேர்ந்த சுகோய்.

"இவனுக்கு?" என்று மேலே கையைக் காட்டினார்.

இவனுக்கு 2018 டிசம்பர் 19-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏறிய ஜிஸாட்-7ஏ இருக்கிறது. நான் சொன்னதோ அதன் தமக்கை கதையை. கடற்படைக்கென்று செய்த ஜிஸாட்-7. செல்லப் பெயர் ருக்மிணி. அவள் வருமுன் நம் போர்க்கப்பல்கள் வானம் வழியாகப் பேச இன்மார்சாட் என்ற அயல்நாட்டாரின் கோளைத்தான் நம்பியிருந்தன. அடுத்த வீட்டு டெலிபோனில் குடும்ப ரகசியம் பேசுகிற கதை!

பெண்ணை இங்கேயே வளர்த்துவிட்டோம். ஏற்றிவிட வண்டி இல்லை. எடை 2,650 கிலோ. நம் ஜி.எஸ்.எல்.வி. அப்போது இழுக்கக்கூடியது இரண்டு டன் சொச்சந்தான். அதுவும் 2010-ல் இரண்டு தடவை கடலில் விழுந்திருந்தது. ஆகவே பிரெஞ்சுக்காரர்களின் ஏரியான் ராக்கெட். தென் அமெரிக்கக் கரையில் கூரூ என்ற ஊரிலிருந்து, 2013 ஆகஸ்ட் 30, நம் கடிகாரப்படி பின்னிரவு இரண்டு மணிக்குப் புறப்பாடு. செய்த செலவு சுமார் 185 கோடி ரூபாய். ஏற்றிவிட, இன்ஷூரன்ஸோடு, 470 கோடி.

"நெல்லு விலையைவிட வண்டிச் சத்தம் ஜாஸ்தியா?" மிராசுதார் ரத்தம் கொதித்தது.

எனக்கென்னவோ அதில் வெட்கம் தோன்றவில்லை. சொந்த வண்டி வரட்டும் என்று களத்தில் நெல்லைப் போட்டுவைத்தால் மழை சும்மா இருக்குமா? மறு வருஷமே வங்காள விரிகுடாவில் ஏறக்குறைய 60 கப்பல்களையும் 75 விமானங்களையும் ருக்மிணி ஒரே பேச்சில் சேர்த்துவைத்தாள்.

சொந்த வண்டியும் வந்தது. 2025 நவம்பர் 2-ந் தேதி, கடற்படைக்கான சி.எம்.எஸ்.-03, 4,410 கிலோ, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம் எல்.வி.எம்.-3-லேயே ஏறிற்று.

சித்தப்பா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி சுவரைப் பார்த்தார்.

"போன கப்பலிலே எத்தனை திரும்பி வந்ததுன்னு இதிலே வெட்டியிருக்கானோ?"

"இல்லை" என்றேன்.